கநா களை கக்கு கவா

கேள்வி: "நாலு பொம்பளைங்க கூடினா ரகசியம் தங்காது" என்கிறார் என் வீட்டுக்காரர். ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் நாங்கள் இருபது பேர். என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: இரண்டாம் உலகப் போரில் எதிரியின் ரகசியத் தகவல்களை உடைத்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒரே அறையில் தங்கி உயிர்த்தோழிகளானவர்கள்கூட, "உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டதில்லை. விஷயம் வெளியே வந்தது 1974-ல். அதைப் புத்தகமாக எழுதியவர் ஓர் ஆண்!

பள்ளிக்கூடத்தில் 'க' போட்டு ரகசியமாகப் பேசியிருப்பீர்களே, "கநா களை கக்கு கவா" என்று? அம்மா அதை ரெண்டே நாளில் பிடித்துவிடுவார். ஒழுங்குதான் அதன் ஓட்டை. எதிரி தன் செய்திகளைச் சங்கேதமாக்கிய எனிக்மா இயந்திரத்துக்கும் அப்படியொரு ஓட்டை: எந்த எழுத்தைத் தட்டினாலும் அதே எழுத்தாக வெளியே வராது. பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்த மேவிஸ் லீவர் என்ற பெண்ணின் கையில் ஒருநாள் நீளமான இத்தாலியச் செய்தி. அதில் 'எல்' என்ற எழுத்தே கிடையாது. சோதனைக்கு ஏதாவது அனுப்பச் சொன்னதும், செய்தி அனுப்பிய சோம்பேறி 'எல்'லையே தட்டித் தள்ளியிருக்கிறான்! சொத்தைக் காயைத் தடவியே ஒதுக்கும் உங்களுக்கு இது புரியும்.

ஜீன் வாலன்டைன் என்ற பெண் பிளெட்ச்லி பார்க்கிலிருந்து கொழும்புக்கே வந்து ஜப்பானியரின் வானிலைச் சங்கேதத்தை உடைத்தார். காதல் கணவரையும் இலங்கையில்தான் பிடித்தார். அவரிடமும் மூச்சு விடவில்லை.

அது சரி, உங்கள் இருபது பேரின் ரகசியம் உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்ததாம்? டீக்கடையிலா?