மாப்பிள்ளைத் தேற்றம்: புன்னைக்காயல் இசை ரசிகர்களின் தரவரிசை குறித்து ஒரு முன்னாய்வு

சங்க இலக்கியத்தில் உப்பு பற்றி ஆய்வேடு உண்டு. அதை விற்ற உமணர் வண்டியின் அச்சு பற்றிக்கூட யாராவது எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரு மனிதர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எந்தக் காலத்துக்கும் பத்து ஆல்பம்னா இதுதான்" என்று விரல் மடக்கத் தொடங்குவது ஏன், நாலாவது விரலுக்குள் குரல் உயர்ந்துவிடுவது ஏன் என்பதை ஆராய்ச்சி உலகம் இன்னும் தீண்டவில்லை. அந்தப் பெருங்குறையைச் சற்றே குறைக்க முயல்கிறது இக்கட்டுரை.

களம் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்து ஊர். இதைத் தேர்ந்ததற்கு முறையியல் காரணம் உண்டு. கத்தோலிக்கப் பரதவர் ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஆண்களிடம் நேரம் மிஞ்சுகிறது. தரவரிசை என்பது அந்த மிச்ச நேரத்தின் விளைபொருள். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வேறு. 2017-இல் அதை 45 நாளிலிருந்து 61 நாளாக நீட்டியது மீன் பெருகத்தான் என்கிறது அரசு. தலைசிறந்த பத்து, தலைசிறந்த இருபத்தைந்தாகப் பெருகியதற்கும் இதற்கும் தொடர்புண்டா என்பதை வேறொருவர் ஆராயட்டும்.

ஆய்வுக்கு உட்பட்டவர்கள் இருவர். ஆய்வு நெறி கருதி ஒருவரை ர என்றும், அவருடைய மனைவியின் தம்பியை ம என்றும் குறிப்போம். ர ஐம்பதைத் தாண்டியவர். ம ஐந்தாறு வயது இளையவர், ர-வுக்கு மாப்பிள்ளை. மச்சான் என்ற மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் எல்லாவற்றையும் மறுப்பவர். மாதிரி அளவு போதாது என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். இருவருக்கும் நடுவில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தால் போதும் போதும் என்பார்கள்.

முன்னோடி முயற்சிகளைக் குறிப்பிடாமல் ஆய்வு நகரக்கூடாது. இந்த ஊரில் தொகுப்புக் கலைக்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, 1586-இல் வந்த அடியார் வரலாறு. புனிதர்களின் கதைகளைத் திருநாள்களில் வாசிப்பதற்காகத் தமிழில் எழுதியவர் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ், அதாவது அண்ட்ரிக் அடிகளார். புத்தகம் அச்சானது புன்னைக்காயலில் என்பதே அறிஞர் பலரின் முடிவு. அத்தனை புனிதர்களைத் தொகுத்தவர் ஒருவருக்கும் முதலிடம், இரண்டாமிடம் கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொடுத்திருந்தால் தெருவுக்கொரு குருசடி இருக்கிற இந்தக் கரையில் அவர் 1600 வரை நிம்மதியாக உயிரோடு இருந்திருப்பாரா என்பது ஐயமே.

மற்றது முத்துச் சல்லடை மரபு. முத்துக்குளித்த காலத்தில் வியாபாரிகள் கையில் பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. முதல் சல்லடையில் 20 துளை. கடைசிச் சல்லடையில் 1000. முத்துகளை ஒவ்வொன்றாகச் சலித்துப் பருமன் பார்த்து, அதன்பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து வகை பிரிப்பார்கள். உச்சியில் ஆணி, அடியில் தூள். பருமன் வேறு, ஒளி வேறு என்று இரண்டு முறை சோதித்த அந்த நுட்பம்தான் ஓடிய பாட்டு வேறு, உசந்த பாட்டு வேறு என்கிற இன்றைய ரசிக விவாதத்துக்கு மூலம். இந்தப் பக்கம் 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சலிக்கும் பழக்கம் நிற்கவில்லை. முத்துக்குப் பதில் பாட்டு வந்தது. தலைசிறந்த பத்து என்பதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் அந்தச் சல்லடைகளை எண்ணிப் பார்க்கவும்.

இனி ர-வின் பட்டியல் உருவான விதம். இங்கே ஆய்வாளர் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மூலப் பிரதி ஒரு கேசட்.

எண்பதுகளில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடைகளுக்கு, கோடு போட்ட நோட்டில் கிழித்த தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி எடுத்துப் போவார்கள். வெற்றுக் கேசட் 60 நிமிடம், பக்கத்துக்கு 30. பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டுக்குப் பிறகு மூன்று நிமிடம் மிச்சம். அந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்வது என்பதைத் தீர்மானித்தவர் கடைக்காரர். ஏழாவது பாட்டைத் தொடங்கிப் பாதியில் அறுப்பார். இல்லாவிட்டால் தனக்குப் பிடித்த சின்னப் பாட்டு ஒன்றைத் திணிப்பார். கேட்ட பாட்டு கைவசம் இல்லையென்றால், "அதே படத்துல இன்னொண்ணு போட்ருக்கேன் தம்பி, அதவிட நல்லாருக்கும்" என்பார். ர தன் வாழ்நாள் ரசனை என்று இன்று மார்தட்டுவதில் எத்தனை அந்தக் கடைக்காரருடைய ரசனை என்பதைப் பிரித்தெடுக்க இனி வழியில்லை.

சான்று வேண்டுமா? ர-வுக்கு மிகப் பிடித்த ஒரு பாட்டின் இரண்டாம் சரணம் அவருக்கு முழுதாகத் தெரியாது. அந்தச் சரணத்தின் மூன்றாவது வரியில், பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே, டக்கென்று நிறுத்திவிடுவார். நாடா தீர்ந்த இடம் அது. முழுப் பாட்டை வானொலியில் கேட்கும்போது அந்த வரிக்கு மேலே வருவதை யாரோ சேர்த்துவிட்டதாகவே அவர் மனம் எடுத்துக்கொள்கிறது. அதேபோல், ஒரு பாட்டு முடிந்து இரண்டு விநாடி அமைதி விழுந்தால் கேசட்டில் அடுத்திருந்த பாட்டின் முதல் வரி அவர் வாயில் தானாக வந்துவிடுகிறது. அடுத்த பாட்டு வேறொன்றாக இருந்தால் முகம் வாடிவிடும்.

உப்புக் காற்றின் பங்கையும் பதிவு செய்ய வேண்டும். டேப் ரெக்கார்டரின் ஹெட்டில் பூத்ததைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது வாராந்திர வேலை. சிக்கிக்கொண்ட நாடாவை விரல் நுனியால் உருவி, பல்சக்கரத்தில் பேனாவைச் செருகிச் சுற்றிச் சுற்றி உள்ளே அனுப்புவார்கள். கசங்கின இடத்தில் எஸ். ஜானகியின் குரல் ஒரு கணம் தண்ணீருக்குள் முங்கி எழும். யாரும் மேலே பதிந்துவிடக்கூடாதென்று முதுகிலுள்ள இரண்டு காதுகளையும் உடைத்துவிடுவார் ர. அந்தப் பள்ளத்தில் செல்லோ டேப் ஒட்டி மேலே வேறு பாட்டைப் பதிந்துவிடுவார் ம. கருத்து முரண்பாட்டின் தொடக்கம் இதுவே என்று கொள்ளலாம்.

இங்கேதான் நம் தேற்றத்தை முன்வைக்கிறோம்: தனியாக இருக்கும் ரசிகருக்குப் பிடித்த பாட்டுகள் உண்டு, வரிசை கிடையாது, வரிசைக்கு ஒரு மாப்பிள்ளை தேவை. ர வலை பழுது பார்க்கும்போது தனியே முணுமுணுக்கிற பாட்டுகளுக்கு எண் எதுவும் இல்லை. ம வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று முளைக்கிறது. பட்டியல் ரசனையின் வாக்குமூலம் என்று நினைப்பது பிழை. அது எதிர்த்தரப்புக்கு எழுதும் பதில் மனு.

ர முதலிடம் கொடுப்பது படகோட்டிக்கு. 1964. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, அத்தனை பாட்டும் வாலி.

"மீனவன் படம்னா உடனே முதலிடமா மச்சான்? அதுல ஒருத்தனாவது வலைய ஒழுங்காப் புடிச்சானா?"

"பாட்டக் கேளுன்னா நீ வலையப் பாக்க மாப்ள."

இதைக் கடல்சார் சலுகை மதிப்பெண் என்று அழைக்கலாம். ர-வின் பட்டியலில் அலைகள் ஓய்வதில்லையும் (1981) கடலோரக் கவிதைகளும் (1986) இந்தச் சலுகையில் நுழைந்தவை. ஒரே 2013-இல் கடல், மரியான் என்று மீனவர் படம் இரண்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தபோது ர-வின் தராசு கொஞ்சம் ஆடியது உண்மை. ம-வுக்கோ இந்தச் சலுகையே பிடிக்காது. ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்கிறவனுக்கு எதற்குக் கடல் பாட்டு, மலையும் பனியும் காட்டு என்பது அவர் கட்சி. ஆகவே அவருடைய முதலிடம் ரோஜா, 1992. ஆய்வாளருக்கு இதில் சொந்த அபிப்பிராயம் இருக்கக்கூடாது. ஆனாலும் வள்ளத்தில் போய்வருகிறவர்களிடம் விசாரித்தால் ம சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

"டைம் பத்திரிகையே 2005-ல உலகத்துலயே பத்து படத்துப் பாட்டுல ரோஜாவச் சேத்தாம்லா?"

"அவன் என்னைக்கு நம்ம ஊருக்கு வந்தான்?"

மறுமொழியாக ர எடுத்து வைப்பது 1986-ஐ. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இளையராஜா தந்தவை மௌன ராகம், புன்னகை மன்னன், கடலோரக் கவிதைகள். போதாக்குறைக்கு, தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கிய, பாட்டே இல்லாத ஹவ் டு நேம் இட். கடைசியாகச் சொன்னதை ர முதன்முதலில் கேட்டபோது, பாட்டு எப்போது வரும் என்று இரண்டு பக்கமும் முடியும் வரை காத்திருந்ததாக ம சொல்கிறார். ர மறுக்கிறார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, தான் அதை அன்றைக்கே உணர்ந்துவிட்டதாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்.

புன்னகை மன்னனோடு ராஜாவும் வைரமுத்துவும் பிரிந்தார்கள். அதற்கு முன் 1965-இல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தார்கள். எந்தப் பட்டியலும் இப்படியொரு பாகப்பிரிவினைத் தேதியைச் சுற்றியே கட்டப்படுகிறது. சொந்தக் குடும்பத்தில் வீட்டுமனை பிரித்த வருஷத்தை மறந்துவிட்டவர்கள்கூட இந்த வருஷங்களைத் தவறாமல் சொல்கிறார்கள்.

ம கையாளும் இன்னொரு ஆயுதம்: "ஒங்க பட்டியல்ல ஒரு பேண்டு உண்டுமா மச்சான்?" இதற்கு வானொலி வரலாறு கொஞ்சம் தேவைப்படுகிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட, நாடு முழுக்கக் காது இலங்கைப் பக்கம் திரும்பியது. 1957-இல் விவித் பாரதி வந்தும் இந்தக் கரை திரும்பவில்லை. சென்னையைவிடக் கொழும்பு இங்கிருந்து கிட்டே. உப்புத் தண்ணீர் மேல் மத்திய அலை தடையில்லாமல் ஓடிவரும். பொங்கும் பூம்புனலில் விடிந்து, கே.எஸ். ராஜாவின் மூச்சுவிடாத அறிவிப்பில் பொழுது போய், அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டில் வீட்டுச் சண்டை ஓய்ந்தது. அந்த அலைவரிசையில்தான் பொப்பிசையும் வந்து இறங்கியது: நித்தி கனகரத்தினம், சுராங்கனி புகழ் ஏ.ஈ. மனோகரன். சுராங்கனி 1977-இல் அவர் எனக்கே சொந்தம் படத்துக்குள்ளும் புகுந்தது. பைலாத் தாளம் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. இந்தக் கரையின் பெர்னாண்டோ என்ற பெயரும் அப்படியே. ஆகவே இலங்கையில் பைலா வாசித்த சுனில் பெரேராவின் ஜிப்ஸீஸ் குழுவுக்குப் பத்துக்குள் இடம் தராதது குடும்ப துரோகம் என்று ம வாதிடுகிறார். கூடவே மலேசியாவின் யோகி பி நட்சத்திராவின் வல்லவன் (2006), 2018-இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்று அடுக்குகிறார்.

ர அசரவில்லை. "திருநாளுக்கு வாற நம்ம பேண்டு செட்ட விடவா?" என்றார். கொடியேற்றத்திலிருந்து சப்பரம் வரை தெருத்தெருவாக நடந்தே வாசிப்பவர்கள். திருப்பத்தில் சப்பரம் தயங்கினால் கிளாரினெட்காரர் அதே அடியை இழுத்து வைத்துக்கொள்வார், தோள் மாற்றி முடியும் வரை விடமாட்டார். எந்த ஸ்டுடியோவில் இது நடக்கும் என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அவர்கள் ஆல்பம் எதுவும் வெளியிடவில்லையே என்று ம விதியை எடுத்துப் போட, ர-வின் மிகச் சிறந்த வேட்பாளர் ஆவணக் குறைவால் தள்ளுபடியானார்.

இந்த இடத்தில், ர-வின் மனைவியும் ம-வின் அக்காளுமானவரின் கருத்தும் கேட்கப்பட்டது. இரண்டு பட்டியலிலும் இசையமைப்பாளர் இருக்கிறார், கவிஞர் இருக்கிறார், பாடின சுசீலாவும் ஜானகியும் எங்கே என்றார். இருவரும் பேசவில்லை. உங்கள் பட்டியலைச் சொல்லுங்கள் என்றோம். "எனக்கு எல்லாப் பாட்டும் புடிக்கும் சார், இவங்க ரெண்டு பேரும் கூடச் சேந்து பாடாம இருந்தா" என்றார். இவர் அண்ட்ரிக் அடிகளார் மரபு என்பதில் ஐயமில்லை.

அண்மைக் காலத்தில் களத்துக்கு மூன்றாம் தரப்பாக ஒரு செயலி வந்திருக்கிறது. மகன் ர-வின் போனில் இறக்கிக் கொடுத்தது. டிசம்பரில் அது தானாகவே ஆண்டுப் பட்டியல் போட்டு நீட்டியது. முதலிடத்தில் இருந்தது படகோட்டியும் இல்லை, ராஜாவும் இல்லை. பேத்தி சோறு தின்ன வேண்டும் என்பதற்காக நாளுக்கு மூன்று வேளை ஓட்டிய குழந்தைப் பாட்டு. ம-வுக்கு அன்று திருநாள். எண்ணிக்கைதான் அளவு என்றால் மச்சானின் முதலிடம் இதற்கே, முறைப்படி ஏற்றுங்கள் என்று டீக்கடையில் சாட்சிகள் முன்னிலையில் கோரினார். பருமன் வேறு, ஒளி வேறு என்று ர சல்லடை மரபைத் துணைக்கு அழைத்துப் பார்த்தார், எடுபடவில்லை.

கடைசியில் ர ஒரு சமரசம் சொன்னார்: அந்தக் குழந்தைப் பாட்டுக்குத் தன் பட்டியலில் ஒன்பதாமிடம், பதிலுக்கு ம ரோஜாவை இரண்டாமிடத்துக்கு இறக்க வேண்டும். ம அவகாசம் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு சொல்வதாகப் பேச்சு.