சார்ஜ் விளக்கின் கண்சிமிட்டல்: மாருதி ஆம்னியை முன்வைத்து ஓர் ஆய்வு

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரிந்து, என்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு, இரண்டில் எதைச் செய்வது என்று தீர்மானிக்காமல் மினுக்குவதே இவ்வாய்வின் பொருள். 1984 முதல் 2019 வரை தயாரான மாருதி ஆம்னி வேன் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள், ஆம்புலன்ஸ் நோயாளிகள், சினிமாவில் கடத்தப்படும் கதாநாயகிகள் ஆகிய முத்தரப்பாரையும் ஏற்றிய வண்டி என்பதால் களத்துக்குப் பஞ்சமில்லை.

விளக்கின்மேல் பேட்டரிப் படம் இருப்பதால் அது பேட்டரியைப் பற்றித்தான் பேசுகிறது என்பது பாமரர் கொள்கை. பேட்டரியின் ஆரோக்கியம் குறித்து அந்தப் பல்புக்கு எதுவும் தெரியாது. அதன் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் (பட்டறை மரபில் டைனமோ) சேர்ந்திருக்கிறது. என்ஜின் ஓடாதபோது பேட்டரி மின்சாரம் பல்பின் வழியே டைனமோவின் சுருளுக்குள் பாய்கிறது, விளக்கு எரிகிறது. டைனமோ தானே மின்சாரம் தரத் தொடங்கியதும் இரு முனைகளிலும் வோல்டேஜ் சமமாகிவிடும். பாய்வதற்கு எதுவுமில்லை, விளக்கு அணைகிறது. அணைந்த விளக்கு என்பது, சமபலமுள்ள இரு சம்பந்திகள் ஒரே பந்தியில் முறைத்தபடி காக்கும் அமைதி. அது கலைந்து கூடிக் கலைவதே மினுக்கல்.

இது குறித்து மூன்று மரபுகள் வழங்கி வருகின்றன. பேட்டரிவாதிகள் உடனே புது பேட்டரி வாங்குவர். அதுவும் இறங்கிப்போனால், வாங்கிய கடையைச் சந்தேகிப்பரே ஒழிய கொள்கையைச் சந்தேகிக்க மாட்டார்கள். தட்டல்வாதிகள் டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டுவர். மீட்டருக்குப் பின்னாலுள்ள இணைப்பு தளர்ந்திருந்தால் இது பலிப்பதுண்டு என்பதால், இவர்களை முற்றாக மறுக்க இயலவில்லை. மூன்றாமவர் ‘வண்டி ஓடுதுல்ல’ மரபினர். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி. இவர்களது ஆய்வு பெரும்பாலும் இரவில், மழையில், ஊருக்கு வெளியே முடிவுக்கு வரும்.

முறையான ஆய்வு, முன்சீட்டில் இருப்பவரை இறங்கச் சொல்வதில் தொடங்குகிறது. ஆம்னியின் 796 சிசி என்ஜின் அங்கேதான், சீட்டுக்கு அடியில், இருக்கிறது. இறங்க மறுக்கும் மாமனார் இத்துறையின் தீர்க்கப்படாத சிக்கல்.

சீட்டைத் தூக்கியபின் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைக்க வேண்டும். என்ஜின் அணைந்திருக்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். விளக்கு மினுக்கும்போது முள்ளோ எண்ணோ 12ஐ நோக்கி இறங்கினால் டைனமோ பக்கம் உண்மையாகவே சார்ஜ் தவறுகிறது. 14இல் அசையாமல் நின்றால் விளக்குக்குப் போகும் வயரும் கப்ளரும் குற்றவாளிகள். இந்த ஒரு சோதனையைச் செய்தால் பேட்டரிவாதிகளின் செலவில் பாதி மிஞ்சும்.

அடுத்த கேள்வி, எப்போது மினுக்குகிறது என்பது. இதைத்தான் யாரும் கவனித்துச் சொல்வதில்லை. காலையில் கிளப்பியதும், ஹெட்லைட் போட்டதும் கீச்சென்ற ஒலியோடு மினுக்கினால் பேன் பெல்ட் வழுக்குகிறது. விரலால் அழுத்தும்போது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டியதுதான். ஐடிலில் மட்டும் மினுக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நின்றால் ஐடில் வேகத்தையும் பார்க்க வேண்டும். வேகத்தடையிலும் குழியிலும் மினுக்கினால் டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். குட்டையான கார்பனை ஸ்பிரிங் போதிய வலுவோடு அழுத்தாததால் அது சுழலும் வளையத்தைத் தொட்டும் தொடாமலும் துள்ளுகிறது. எலக்ட்ரீஷியன்கள் டைனமோவைக் கையிலெடுத்தவுடன் முதலில் பார்ப்பது இதைத்தான்; அவர்கள் பார்ப்பது சரி. பகலில் ஒன்றுமில்லை, இருட்டில் மட்டும் மங்கலாக எரிகிறது என்றால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்புண்டு. என்ஜின் நின்று வெகுநேரமான பின்னும் டைனமோ வெதுவெதுப்பாக இருப்பதும், இரவோடு இரவாக பேட்டரி இறங்குவதும் அதற்குத் துணைச் சான்றுகள்.

ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் செய்முறை ஆல்டர்னேட்டருக்கு முந்தைய, அசல் டைனமோ காலத்தின் எச்சம். ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, டயோடையும் கட்அவுட்டையும் (வோல்டேஜ் ரெகுலேட்டர்) எரித்துவிடக்கூடும். ஆய்வுக்கு முன் இல்லாத கோளாறு ஆய்வின் முடிவாகக் கிடைக்கும்.

மினுக்கும் பல்பையே கழற்றிவிடும் நான்காவது மரபொன்றும் உண்டு. கண் உறுத்தல் தீர்ந்துவிடும். ஆனால் பல்பின் வழியே வரும் மின்சாரத்தால்தான் விழித்தெழும் டைனமோக்களில், அதைக் கழற்றிய வண்டி என்ஜினை நன்றாக முறுக்கும்வரை சார்ஜ் ஏற்றாது. சிலவற்றில் முறுக்கினாலும் ஏற்றாது. அதைச் சொல்ல வேண்டிய விளக்கு அப்போது டூல் பெட்டியில் இருக்கும்.