மூக்கை அளந்த சாஸ்திரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசக்காட்டில் புது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டு முடித்துவிடுவார்கள். படிக்காத சனம் ஒரு நிமிஷத்தில் கேட்பதைப் படித்தவர்கள் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

ஆரம்பித்து வைத்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி துரை. மூக்கு அகல அகல அந்தஸ்து இறங்கும் என்பது அவர் சித்தாந்தம். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டனும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மூக்கு அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சளி பிடித்து மூக்கு வீங்கினால் சாதி இறங்குமா என்று எந்தப் புண்ணியவானும் கேட்கவில்லை போலும். ரிஸ்லி நடத்திய 1901 சென்சஸில் சாதிகளுக்கு ரேங்க் போடச் சொன்னார்கள். அடுத்த சென்சஸுக்குள் வங்காளத்தில் "எங்களை மேலே ஏற்று" என்று குவிந்த மனுக்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு.

நம் பக்கத்தில் இதே கேள்வி கோர்ட் ஏறியது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். அவர்கள் யார், உள்ளே வரலாமா என்று விசாரித்து விசாரித்து, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் 'கூடாது' என்றது. பனையேறிப் பிழைத்த சாதிக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள், பனைமரத்தைப் படத்தில்கூடப் பார்த்திராத கனவான்கள்!

வேடிக்கை என்னவென்றால், 1879இல் திருச்சுழியில் பிறந்து பிற்பாடு ரமணர் ஆன வேங்கடராமன் அந்த நாளில் திருவண்ணாமலைக் குகையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் போய் "நான் யார்?" என்று கேட்டார். பிள்ளைக்கு உத்தியோகம் வருவாய்த் துறையில். சர்க்கார் ஊரையெல்லாம் 'நீ யார்' என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ரமணர் எழுதிக் காட்டிய பதிலில் உடம்பு போயிற்று, புலன் போயிற்று, மனசும் போயிற்று. கட்டத்தில் நிரப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. சென்சஸுக்குப் பெருநஷ்டம்.

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி நாடார் வியாபாரிகளுக்கு இந்த விசாரம் எதற்கும் நேரமில்லை. வண்டிகளை அவிழ்த்துப் போட மதில் வைத்த பேட்டை, மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்கு ராக்காவல் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கைமாறும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை. ஒரு மூட்டைக்குப் பார்த்தால் சில்லறை; வருஷம் முழுக்கச் சேர்ந்தால் உறவின்முறை என்ற சாதிச் சங்கத்துக்குக் கிணறு, கோயில், பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலத்தில் வழிப்பறி குறைந்து பாதை தெளிந்தது, கரிசலில் பருத்தி விளைந்தது, வண்டி ஓடியது.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்றில் பேட்டையும் மகமையும் விலாவாரியாக உண்டு. அதை அட்டையோடு படித்து முடித்தவர்கள் "அந்தச் சாதிக்கு வியாபாரம் ரத்தத்திலேயே இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அப்படியானால் திருச்செந்தூர்த் தேரியில் பனையேறி வயிறு காய்ந்த நாடார்களுக்கு ஓடியது என்ன, பதநீரா? ரத்தம் ஒன்று, அங்கே பேட்டையும் இல்லை, வண்டிப்பாதையும் இல்லை.

சாதியே கண்ணில் படாத பொருளாதாரமும் உண்டு; அது இதைவிடக் கூத்து. மகமைப் பணத்தை நம்பி ஒப்படைக்க உறவின்முறை வேண்டியிருந்தது, அதற்கு உறவு வேண்டியிருந்தது. ஆக, ஆராய்ச்சிக்காரர்கள் சாதியைக் கேட்கட்டும். கேட்ட கையோடு நோட்டை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2000இல் ஜார்ஜ் அக்கர்லாஃபும் ரேச்சல் கிராண்டனும் அடையாளத்தைப் பொருளாதாரச் சமன்பாட்டுக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். தான் இன்னார் என்ற நினைப்பும் மனுஷனின் லாபநஷ்டத்தில் சேருமாம். எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு இதைத்தான் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அக்கர்லாஃபுக்கு மறு வருஷம் நோபல் கிடைத்தது. அது பழைய கார் வியாபாரத்தைப் பற்றி முப்பது வருஷத்துக்கு முன் எழுதியதற்கு. அதில் வாங்குபவன் யார், விற்பவன் யார் என்று அவர் சாதி விசாரிக்கவில்லை. காரின் கோளாறு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று மட்டும் பார்த்தார். பேட்டையில் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்த்து விலை சொன்னவருக்கு அந்தக் கட்டுரை உடனே புரிந்திருக்கும்.