65-ஆ, 58-ஆ? நோட்டு சேகரிப்போர் கேள்வி-பதில்

அம்பத்தூர் ஓ.டி. வாசகர்: கிரேடிங் கம்பெனிக்கு நோட்டை அனுப்பினால் அப்படி என்னதான் செய்வார்கள், சார்?

அசலா போலியா என்று பார்ப்பார்கள். ஒட்டு, கழுவல், ஓட்டை அடைப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகு 70-க்கு மார்க் போட்டு, தெளிவான பிளாஸ்டிக் கவரில் மூடி, ஒரு எண்ணும் கொடுத்து அனுப்புவார்கள். நம் சேகரிப்பாளர்கள் வாயில் அதிகம் அடிபடும் பி.எம்.ஜி. கம்பெனி அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து சரசோட்டாவில் இருக்கிறது, 2005-ல் தொடங்கியது. இந்த 70 மார்க் கணக்கு நோட்டுக்காகப் பிறந்ததே இல்லை. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்கு விலை சொல்ல வகுத்த அளவு அது. உலோகத்துக்குத் தைத்த சட்டையைக் காகிதத்துக்குப் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் தொளதொளக்கத்தான் செய்யும்.

கொரட்டூர் வாசகி: 65-க்கும் 66-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

பழகிய கண்ணுக்கே பல சமயம் தெரியாது. விலையில் மட்டும் நன்றாகத் தெரியும். 58-க்கும் 64-க்கும் உள்ள வித்தியாசம் அப்படியல்ல: ஒன்று லேசாகக் கையாளப்பட்ட நோட்டு, மற்றது புழங்காத நோட்டு. அந்த இடைவெளிக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே ஒரு மார்க் கூடுதல் என்பதற்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம்.

ஆவடி வாசகர்: அப்பா இங்குள்ள ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சம்பளக் கவரில் வந்த புது இரண்டு ரூபாய் நோட்டுகள், ஆர்யபட்டா செயற்கைக்கோள் படம் போட்டவை, வரிசை எண்ணோடு இருபது இருக்கின்றன. கவரும் இருக்கிறது. கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த நோட்டு கோடிக்கணக்கில் அச்சாகிப் புழங்கியது; 1995-ல்தான் அச்சடிப்பதை நிறுத்தினார்கள். புழங்காத நோட்டு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. கிரேடிங் கட்டணம், போக வர கூரியர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் நோட்டின் சந்தை விலையைத் தாண்டிவிடும். அதைவிட முக்கியமாக ஒன்று. கம்பெனி லேபிளில் ‘பிக்’ எனப்படும் பட்டியல் எண் இருக்கும், ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து யாருடையது என்று இருக்கும், மார்க் இருக்கும். உங்கள் அப்பாவின் பெயரும் டோக்கன் எண்ணும் எழுதிய அந்தக் காக்கிக் கவரைப் பற்றி ஒரு எழுத்துகூட இருக்காது. இருபதையும் பிரித்துத் தனித்தனிக் கவரில் மூடினால் வரிசையும் போயிற்று, கதையும் போயிற்று. கவரையும் நோட்டுகளையும் ஒன்றாக வையுங்கள். எந்த வருடச் சம்பளம், அப்பா எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். எத்தனையோ வீடுகளில் நோட்டு மிஞ்சியிருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை.

பட்டாபிராம் வாசகர்: என்னிடம் உள்ள பழைய நூறு ரூபாய் புத்தம் புதிது. ஆனால் இடது பக்கம் பின் ஓட்டை. மார்க் குறையுமா?

அந்த ஓட்டை நம் வங்கிகளின் கைவரிசை. கட்டைப் பிரித்து ஒன்றை உருவிவிடக் கூடாது என்று நூறு நோட்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார்கள். கட்டைப் பிரிக்க காசாளர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். ‘தூய நோட்டுக் கொள்கை’ என்ற பெயரில் 2001-ல் ரிசர்வ் வங்கி இதை நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டில், கட்டிலிருந்து நேராக வந்ததென்றால், ஓட்டை இருப்பதுதான் வழக்கம். கிரேடிங் கம்பெனிகளுக்கும் இது தெரியும். வெளியிடும்போதே வந்த ஸ்டேப்ளர் ஓட்டை என்று லேபிளில் குறிக்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஓட்டையின் விளிம்பை. பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். விளிம்பு சுத்தமாக, வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. சுற்றிலும் காபிக்கறை போல் வளையம் இருந்தால் பின் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. விளிம்பு மழுங்கி, பக்கத்தில் நார் படிந்திருந்தால் யாரோ பசையால் அடைத்திருக்கிறார்கள். துரு மார்க்கைக் குறைக்கும். அடைப்பு மானத்தையே வாங்கிவிடும்.

பூந்தமல்லி கரையான்சாவடி வாசகர்: தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான்காரன் நோட்டு, வாழைமரம் போட்ட பத்து டாலர், ஒரு கட்டே இருக்கிறது. லட்சங்கள் போகும் என்கிறார்களே?

போகாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ராணுவம் அச்சடித்துத் தள்ளிய நோட்டு அது. போர் முடிந்த மறுநாளே வெறும் காகிதமாயிற்று. நோட்டில் அச்சிட்ட குறியெழுத்து எம் என்று தொடங்கினால் மலேயா, பி என்றால் பர்மா. தமிழர் வீட்டுப் பெட்டிகளில் இரண்டும் கிடைக்கும். வரிசை எண் இல்லாமல் குறியெழுத்துகள் மட்டும் உள்ள பத்து டாலர் மிகச் சாதாரணம். கிரேடிங் செலவு வீண். உங்கள் தாத்தா உழைத்துச் சேர்த்த கூலி ஒரே நாளில் செல்லாமல் போனதற்கு அந்தக் கட்டு சாட்சி. விற்க அவசரப்படாதீர்கள்.

முகப்பேர் வாசகர்: கவருக்குள் அடைத்த நோட்டை ரசிக்க முடியுமா? என் ஆல்பம் நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல நோட்டில் மை காகிதத்துக்கு மேலே புடைத்து நிற்கும். விரல் நுனியில் அது தட்டுப்படும்போது வரும் சந்தோஷத்தை எந்த லேபிளும் தராது. நேரில் பார்த்து, தூக்கிப் பிடித்து, மடிப்பு தேடிக் கற்றுக்கொண்டவர்கள்தான் இன்றும் நம்பகமான சேகரிப்பாளர்கள். ஆனால் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் முகம் தெரியாதவரிடம் போட்டோவைப் பார்த்துப் பெரிய தொகைக்கு வாங்குகிறவருக்கு இந்தச் சுகம் கிடைக்க வழியில்லை. அவருக்குக் கவர் தேவை. இரு தரப்பும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுதான் தேவையில்லாதது.

திருமுல்லைவாயல் வாசகர்: பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் வாங்க ஆசை. கிரேடிங் ஆனதாகத்தான் வாங்க வேண்டுமா?

ஆம். இங்கே நான் கிரேடிங் கட்சி. 1954-ல் வந்து, 1978 ஜனவரியில் செல்லாததான நோட்டு அது. தஞ்சை கோபுரத்தைப் பணத்தில் பார்த்த பெருமை நமக்கு. அசலுக்கு நல்ல விலை இருப்பதால் போலியும் உண்டு, கிழிசல் ஒட்டியதும் உண்டு. பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. இவ்வளவு விலையில் கிரேடிங் கட்டணம் ஒரு பொருட்டல்ல.

அயப்பாக்கம் வாசகர்: நோட்டை அயர்ன் செய்தால் மார்க் கூடுமா?

மடிப்பு மறையும், கூடவே புடைப்பும் மறையும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை நோட்டுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். மறைந்த மடிப்பு கோடாக எழுந்து நிற்கும். காகிதம் இயல்பாக இருந்தால் பி.எம்.ஜி. தரும் ‘ஈ.பி.க்யூ.’ என்ற மூன்றெழுத்து, அழுத்திய நோட்டுக்குக் கிடைக்காது. 65-ம் அதற்கு மேலும் அந்த மூன்றெழுத்து இல்லாமல் தருவதில்லை. ஆக, அயர்ன் பெட்டியைச் சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லிவாக்கம் வாசகர்: கவரே போலியாக வருகிறதாமே?

வருகிறது. லேபிளில் உள்ள எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். நோட்டின் வரிசை எண் பொருந்த வேண்டும், படம் இருந்தால் படமும் பொருந்த வேண்டும். பார்க்க விடாமல் அவசரப்படுத்தும் டீலரிடம் வாங்காதீர்கள்.

பருத்திப்பட்டு வாசகி: ‘உலகிலேயே இந்த மார்க்கில் இரண்டே நோட்டு’ என்று விளம்பரம். நம்பலாமா?

அந்தக் கம்பெனிக்கு வந்தவற்றில் இரண்டு என்று படியுங்கள். பீரோவில் தூங்கும் நோட்டுகள் அந்தக் கணக்கில் இல்லை.

பாடி வாசகர்: 786 எண் நோட்டை ரிசர்வ் வங்கியே லட்சம் கொடுத்து வாங்குகிறதாம். முன்பணம் கேட்கிறார்கள்.

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் தான் இல்லை, யாரையும் கட்டணமோ கமிஷனோ வாங்க நியமிக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஏற்கெனவே அனுப்பிவிட்டால் உடனே சைபர் கிரைம் எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

திருவேற்காடு வாசகர்: பழைய ஐந்நூறு, ஆயிரம் எத்தனை வைத்திருக்கலாம்? கிரேடிங் ஆனதற்கு விலக்கு உண்டா?

2016-ல் செல்லாததாக்கிய நோட்டுகள் மொத்தம் பத்து. ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து. 2017 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். கவருக்குள் இருந்தாலும் நோட்டு நோட்டுதான்.

கொரட்டூர் வாசகர்: மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் நனைந்துவிட்டது. கிரேடிங் செய்திருந்தால் தப்பியிருக்குமோ?

தண்ணீரில் ஊறக் கிடந்தால் எந்தக் கவரையும் நம்ப மாட்டேன். வாங்க வேண்டியது உயரமான தட்டு. அம்பத்தூர், ஆவடி, கொரட்டூர் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஆல்பத்தைப் பீரோவின் மேல்தட்டுக்கு இன்றே மாற்றுங்கள். மலிவான பி.வி.சி. உறை வேண்டாம், நம் வெக்கையில் வியர்த்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். மைலார் உறை வாங்குங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். ரசகற்பூரம் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்தவற்றை வெயிலில் போடாமல், அயர்ன் செய்யாமல், வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மின்விசிறிக் காற்றில் மெல்ல உலர்த்துங்கள்.