இரண்டு நாளில் ஒரு சட்டம்

எங்கள் குடும்ப அட்டையில் அம்மாவின் பெயரில் கடைசி ‘ள்’ விட்டுப்போயிருந்தது. அந்த ஓர் எழுத்தைச் சேர்க்க நான்கு மனு, எட்டு மாதம். “சர்வர் டவுன் சார், அடுத்த வாரம் வாங்க” என்பதை அந்த அலுவலகத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. விதி என்றால் அப்படித்தான், லேசில் அசையாது என்று நானும் நம்பியிருந்தேன்.

விதி அசையும். அசைக்கிறவர் யார் என்பதுதான் விஷயம்.

2014 மே 26 அன்று மோடி பதவியேற்றார். அவருக்கு முதன்மைச் செயலாளராக நிருபேந்திர மிஸ்ரா வேண்டும். மிஸ்ராவோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் முன்னாள் தலைவர். அந்த நாற்காலியில் இருந்தவர் பிறகு மத்திய, மாநில அரசு எதிலும் வேலை பார்க்கக் கூடாது என்று டிராய் சட்டம் சொன்னது. தொலைபேசி கம்பெனிகளை மேய்க்கிறவர் அடுத்த பதவியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு உத்தரவு போட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். மே 28 அன்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஆயுள் தடை இரண்டாண்டுத் தடையாகச் சுருங்கியது. மிஸ்ரா டிராயை விட்டு ஐந்தாண்டு ஆகியிருந்தது, கணக்கு கச்சிதம். ஜூலையில் நாடாளுமன்றமும் தலையாட்டியது. இரண்டே நாள்! சர்வர் டவுன் ஆகவேயில்லை.

இந்த மிஸ்ரா இடைப்பட்ட காலத்தில் எங்கே இருந்தார்? டெல்லியில் விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷனின் நிர்வாகக் குழுவில். 2009 டிசம்பரில் தொடங்கிய சிந்தனையகம் அது. இருக்குமிடம் சாணக்கியபுரி, பெயர்ப் பொருத்தம் பார்த்துக் குடியேறினார்களோ என்னவோ. தாய்வீடு நம் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம். கேந்திரத்தை 1972இல் நிறுவிய ஏக்நாத் ரானடே ஒரு காலத்தில் ஆர்எஸ்எஸ்ஸின் பொதுச் செயலாளர். ஆனாலும் சிந்தனையகம் தன்னைச் சுதந்திரமானது, எக்கட்சியும் சாராதது என்றே சொல்லிக்கொள்ளும். நம்புவோம், நம் தலையெழுத்து.

அதன் முதல் இயக்குநர் அஜித் தோவல், மிஸ்ரா போன அதே வாரம் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகப் போனார். துணை ஆலோசகராக இருந்த அரவிந்த் குப்தா 2017இல் அரசை விட்டு வந்து சிந்தனையகத்தின் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். அரசுக்கும் சிந்தனையகத்துக்கும் நடுவிலுள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்குவது வீண் செலவு. பாஜக எதிர்க்கட்சியாக இருக்கும்போது காத்திருப்பு அறை, ஆளுங்கட்சியானதும் வேலைவாய்ப்பு அலுவலகம். நம் ஊர் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் முப்பது வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக் கிடக்கிறவன் முகவரி மாறி வந்துவிட்டான், பாவம்.

காங்கிரஸ்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 1991 ஜூலை. கஜானா காலி, தங்கத்தை அடகு வைத்த வருஷம். அந்த பட்ஜெட்டில் மன்மோகன் சிங், சோனியா தலைமையிலான ராஜீவ் காந்தி அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு 20 கோடி வீதம் ஐந்தாண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார். கூச்சல் கிளம்பிய பிறகுதான் பின்வாங்கினார்கள். எங்கள் வீட்டில் தாலியை அடகு வைத்தால் அந்தக் காசில் யாருக்கும் மொய் எழுத மாட்டோம்.

அந்த அறக்கட்டளையின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2022இல் பறிபோனது. அதில் கட்சிக் கணக்கு இருந்தது, விடுங்கள். வயிறு எரிவது கொள்கை ஆய்வு மையம் என்ற சிந்தனையகத்தை நினைத்துத்தான். 1973இல் தொடங்கியது, தண்ணீர், நிலம், நகராட்சி, சாக்கடை என்று சலிக்காமல் எழுதியது. 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை வந்தது. 2023 பிப்ரவரியில் உரிமம் நிறுத்தம், 2024 ஜனவரியில் ரத்து. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை இரண்டு தடவை படித்தேன்: தன் ஆய்வறிக்கைகளை இணையதளத்தில் போட்டது ‘நடப்பு நிகழ்ச்சி’ வெளியிட்டதற்குச் சமமாம்!

சிந்தனையகம் சிந்தித்ததை வெளியே சொன்னால் குற்றம். சரி, இன்றைய நடப்பு வேண்டாம், ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஏதாவது எழுதிப் பிழைக்கலாமென்றால் கீழடி அகழாய்வும் அரசியலாகி நடப்பு நிகழ்ச்சியாகிவிட்டது.