எழுபத்தைந்துக்குக் கீழே

பத்துக்கு ஏழு வாங்கிய வீடியோ கேம் தேறிவிட்டது என்று நம்புகிறவர் அந்த உலகுக்குப் புதியவர். மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக்கில் திரைப்படத்துக்கு நூற்றுக்கு 61 கிடைத்தாலே ‘நல்லது’ என்ற பச்சை நிறம். கேமுக்கோ 75 வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்கள் கொலுப் பொம்மைகளாகச் சும்மா வீற்றிருக்கின்றன. மட்டமான கேம்களை யாரும் விமர்சிக்க எடுப்பதில்லை, அதனால்தான் இந்த உயரம் என்பார்கள். நியாயம்தான், ஆனால் எடுத்ததையாவது தயாரிப்பாளர்கள் முழுசாகப் பார்க்க விட்டார்களா? 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077, விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தது கணினிப் பதிப்பாக மட்டும். மதிப்பெண் மழை. பிளேஸ்டேஷன் 4இல் அது தள்ளாடிய அழகைப் பார்த்து, ஒரு வாரம் போல ஆனதும் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. இந்த மெட்டாகிரிட்டிக் எண்ணை நம்பிப் பணமும் புரள்கிறது: 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் 85 எடுத்தால் அதை உருவாக்கிய அப்சிடியனுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். எடுத்தது 84. ஊக்கத்தொகை வரவில்லை.