ஆடு தொடாத இலை

நான் பையனாக இருந்தபோது, 1970களில், எங்கள் பர்கூர் வீட்டுக்கு மதில் கிடையாது, ஆடாதொடை வேலிதான். யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, தண்ணீர் ஊற்றியவரும் இல்லை. ஆடு தொடாததால்தான் அந்தப் பெயர் என்பாள் ஆயா. ஆடே வேண்டாமென்று ஒதுக்கியதைத்தான் எனக்கு இருமல் வந்தால் காய்ச்சிக் கொடுப்பாள்.

நாலு இலையைக் கிள்ளி, நடுநரம்பை உரித்து, ஐந்தாறு மிளகைத் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை மண்சட்டியில் கொதிக்கவைப்பாள். மேலே இரண்டு சொட்டுத் தேன். அது என்னை ஏமாற்ற. அந்தக் கசப்புக்குப் பயந்து, மறுநாளிலிருந்து தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவேன். "ஒரே வேளையில நின்னுபோச்சு பாரு" என்று ஆயா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள்.

கிணற்றடியில், துணி துவைத்த தண்ணீரைக் குடித்தே கற்பூரவல்லி புதராக மண்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அவ்வா 'வாமாகு' என்று கேட்பார். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா, தயிரில் அரைத்துத் தம்புளி செய்ய 'தொட்டபத்ரெ' கேட்பார். எந்தப் பாஷையில் கேட்டாலும் ஒடித்துக் கொடுத்தோம். எல்லை ஊர்ச் செடிக்கு மூன்று பெயர் இருந்தால் என்ன?

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004இல், நானும் தெருவிலிருந்து பிரிந்துகொண்டேன். வேலியை வேரோடு பிடுங்கி மதில் எழுப்பி, முகப்பில் கிரானைட்டும் பதித்தாயிற்று. அவ்வா இலை கேட்டுக் குரல் கொடுக்க இடைவெளி இல்லை. காலிங் பெல்லை அழுத்தி இரண்டு இலை கேட்க யாருக்கு மனசு வரும்?

அந்த மழைக்காலத்திலேயே இருமல். டாக்டர் எழுதிய சிரப்பில் புரோம்ஹெக்சின் இருந்தது. அது என்னவென்று பிறகு படித்தேன். ஆடாதொடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியில் உருவாக்கிய மருந்து. 1960களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டதாம். வேலியில் இலவசமாக நின்றதை விறகாக்கிவிட்டு, அதன் பேரனை ஜெர்மனி வழியாக வரவழைத்துக் குடித்திருக்கிறேன். ஒன்று சொல்லவேண்டும், பேரன் இனிப்பு.

2020இல், கொரோனாவுக்குப் பயந்து கபசுரக் குடிநீருக்கு ஊரே அலைந்தது. அதன் 15 சரக்குகளில் ஆடாதொடை ஒன்று, கற்பூரவல்லி ஒன்று. மதிலைப் பார்த்தபடியே பொட்டலத்தைப் பிரித்தேன்.

இப்போது மொட்டை மாடியில் பன்னிரண்டு குரோ பேக், ஆடாதொடையும் உண்டு. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகளின் ஏற்பாடு. தென்னை நார்க்கழிவு மெத்தை, சொட்டுநீர், ஒவ்வொரு பைக்கும் பெயர்ச்சீட்டு. தூதுவளைக்கு ஏறிப் படர நைலான் கயிறு. வாரம் ஒரு போட்டோ எடுப்பாள். "பறிச்சா ஷேப் போயிடும் மாமா" என்பதால் எந்த இலையையும் கிள்ளுவதில்லை. ஆடு தொடாத இலையை இப்போது ஆளும் தொடுவதில்லை.

போன வாரம் பேத்திக்கு இருமல். மருமகள் ஷிஃப்டுக்குப் போன நேரம் பார்த்து நாலு இலையைக் கிள்ளினேன். மிளகு, இரண்டு டம்ளர் தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம். வாசனை வந்ததுமே, "சரியாயிடுச்சு தாத்தா" என்று அறைக்குள் ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலையணைக்குள்ளிருந்து அமுக்கமாக ஒரு சத்தம்.

"ஒரே வேளையில நின்னுபோச்சு" என்று மருமகளுக்குப் போன் செய்து சொன்னேன்.